கிஸ்தி கட்டிய நிலம்

பெரியப்பாவிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்தது. மாப்பிள்ளை பெண் பெயரெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. பைக்குள் சிட்டா நகல், அடங்கல் நகல், மண் பரிசோதனைக்குக் கொடுத்ததற்கான ஒரு துண்டுச்சீட்டு, நாலைந்து மனுக்களின் கார்பன் பிரதி, அப்புறம் ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிய கிஸ்தி ரசீதுகள். பசலி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர். நெல்லும் கரும்பும் வாழையும் விளைந்த மண் என்று சொல்வார்கள். நான் பார்த்தது வெள்ளையாக உப்புப் பூத்த தரையும் சீமைக் கருவேலமும்தான். கிணற்றில் தண்ணீர் உண்டு. டிக்காஷன் நிறத்தில். மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

சின்ன வயதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். ஒன்றும் விளையாத நிலத்துக்கு இவர் ஏன் வருஷா வருஷம் வி.ஏ.ஓ.விடம் போய்க் கிஸ்தி கட்டுகிறார்? ஒருமுறை கேட்டேன். "கட்டலேன்னா நெலம் நம்மள்து இல்லேன்னு ஆயிடும்டா. கட்னாதான் நாம கீறோம்னு அவுங்களுக்குத் தெரியும்."

அந்த ரசீதுகளில் பசலி 1406-ஐ மட்டும் நான் தனியாக எடுத்துப் பார்ப்பேன். 1996 ஜூலையில் தொடங்கிய பசலி அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்றுதான் உச்ச நீதிமன்றம் எங்கள் ஊர் ஆற்றைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கிற நண்பர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது அதில்தான். டெல்லியிலோ பெங்களூரிலோ ஒரு வகுப்பறையில் யாரோ மனப்பாடம் செய்கிற அந்தக் கொள்கையும் பெரியப்பாவின் மஞ்சப்பையும் ஒரே கதையின் இரண்டு நுனிகள். நடுவில் இருப்பது ஒரு கணக்கு. ஆறு கெட்டதற்கான பில்லை யார் யார் கட்டினார்கள் என்கிற கணக்கு.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் எல்லைகள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரே ஆறு, ஒரே தொழில், ஒரே பிரியாணி (இதை இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்). ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் ஆம்பூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் வேலூர் தாலுகாவில் இருந்தது. வாணியம்பாடி சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரம் வேலூர்கூட இல்லை, சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் கலெக்டர் வேலூருக்கு வந்தார். திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததும் அப்போதுதான். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூர் மூன்றாக உடைந்தது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கு. ஆறு மட்டும் அதே வழியில்தான் போகிறது, அதாவது போகிற நாட்களில்.

பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் போகிறது. 1892-ல் மைசூரும் மதராஸும் போட்ட ஒப்பந்தம் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. மேலே புதிதாக அணையோ ஏரியோ கட்டினால் கீழே உள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். நீரின் அளவு பற்றிப் பேச அன்றைக்கே இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்தன. நீரின் தரம் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது. அன்றைக்கு ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில்.

இரண்டாவது, நகராட்சி. வேலூர் நகராட்சி 1866-ல் வந்தது. வாணியம்பாடி 1886-ல். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் ரிப்பன் பிரபு 1882-ல் தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார், 1884-ல் மதராஸ் மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் தல போர்டு சட்டமும் வந்தன. ரிப்பனைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் நல்ல பெயர். அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் ஒரு பட்ஜெட் நெருக்கடியும் இருந்தது. ரோடு, விளக்கு, கக்கூஸ், பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் உள்ளூர்க்காரர்களே வரி கட்டிக்கொள்ளட்டும், கையில் கொஞ்சம் அதிகாரமும் கொடுத்துவிடலாம் என்கிற ஏற்பாடு. வரி வந்த அளவுக்கு அதிகாரம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் வந்தது 1920-ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம். இந்தச் சட்டத்தின் ஆயுளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2023 ஏப்ரலில்தான் அதன் இடத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் 1998-ல் நிறைவேற்றி இருபத்தைந்து வருடம் கிடப்பில் இருந்த சட்டம். ஆக நூறு வருடத்துக்கு மேல், இரண்டு மூன்று தலைமுறை, ஆம்பூர்க்காரர்கள் கட்டிய வீட்டு வரியும் குழாய்க் கட்டணமும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் கீழ்தான்.

அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது டி அண்ட் ஓ லைசென்ஸ். நகராட்சி ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 'டேஞ்சரஸ் அண்ட் அஃபென்சிவ்' என்பதன் சுருக்கம். ஆபத்தான, அருவருப்பான தொழில்கள். மாவு மில்லிலிருந்து சாயப்பட்டறை வரை அந்தப் பட்டியலில் வரும். தோல் பதனிடுவதும் உண்டு. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தொழில் செய்ய வருடா வருடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும், நகராட்சி நிபந்தனை போடலாம், மறுக்கலாம். அதாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆற்றைக் காப்பாற்றுகிற அதிகாரம், காகித அளவிலாவது, ஊர் நகராட்சியின் கையில் இருந்தது.

அது என்ன ஆனது? கட்டண வசூலாக ஆனது. ரொம்ப எளிமையான காரணம்: டேனரி ஊருக்குள் இருக்கிறது, கழிவு ஊருக்கு வெளியே போகிறது. நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டர் பார்ப்பது நகராட்சி எல்லைக்குள் நாற்றம் அடிக்கிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று. கால்வாய் எல்லையைத் தாண்டி ஆற்றில் இறங்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. அங்கிருந்து தொடங்குவது பஞ்சாயத்து நிலம். லைசென்ஸ் பணம் நகராட்சிக்கு, தண்ணீர் பஞ்சாயத்துக்கு. எங்கள் ஒன்றரை ஏக்கர் இரண்டாவது பக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் துத்திப்பட்டு போல ஊரை ஒட்டிய பஞ்சாயத்துகளிலும் தொழிற்சாலைகள் வந்தன. அப்போது அந்தப் பஞ்சாயத்துக்குக் கொஞ்சம் வரி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் கீழே இன்னொரு பஞ்சாயத்து இருக்கிறது, ஆறு என்றால் அப்படித்தான்.

இங்கே தோல் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் தோல் தொழிலை வில்லனாக்குவது சுலபம். எங்கள் வீட்டிலேயே அது நடக்காது. நிலம் போன பிறகு பெரியப்பாவின் இரண்டு பெண்களும் ஷூ கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போனார்கள். காலையில் ஆம்பூர் ரோட்டில் கம்பெனி பஸ்களில் அடைந்துகொண்டு போகிற பெண்களைப் பார்த்தால் புரியும், இந்த வட்டாரத்தின் அடுப்பு எதில் எரிகிறதென்று.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் பட்டாளத்து பூட்ஸ்களுக்கு மேல்தோல் இந்த மாகாணத்திலிருந்து போனது. அரசாங்கமே மொத்தமாக வாங்கியது. போர் முடிந்ததும் 1919-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் வரி போட்டார்கள், தோல் இங்கேயே பதனிடப்படட்டும் என்று. அந்தப் பணம் எங்கே போனது? சுங்க வரி, டெல்லிக்கு.

பட்டையில் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமியத்தில் ஓரிரு நாள். 1972-ல் சீதாராமையா கமிட்டி, பதனிட்ட தோலாக மட்டும் விற்காதீர்கள், முழுமையாக்கிய தோலாகவும் ஷூவாகவும் விற்றால் அந்நியச் செலாவணி பெருகும் என்று சொன்னது. மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு ஒதுக்கீடு வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பாலாற்றங்கரை முழுக்கக் குரோமியத்துக்கு மாறியதற்குப் பின்னால் இந்தக் கொள்கை இருக்கிறது. நம் ஊர் முதலாளிகளின் பேராசை மட்டும் என்று முடித்துவிட்டால் டெல்லிக்கு வேலை மிச்சம். இதில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: குரோமியம் பெயர் வாங்கிய வில்லன் என்றால், நிலத்தைச் சாகடித்தது பெரும்பாலும் சாதாரண உப்பு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன்மேல் அப்புகிற உப்பு. டேனரியில் முதல் வேலை அதைக் கழுவி ஊற்றுவது.

இப்போது வருமானம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். அந்நியச் செலாவணி ரிசர்வ் வங்கிக்கு. வருமான வரி மத்திய அரசுக்கு. 2017 வரை விற்பனை வரி மாநிலத்துக்கு. ஊருக்கு? சொத்து வரி, லைசென்ஸ் கட்டணம், தொழில் வரி. இந்தத் தொழில் வரியைக் கேட்டால் சிரிப்பு வரும். அரசியலமைப்பின் 276-வது பிரிவு, ஓர் ஆளிடமிருந்து வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988 வரை அது 250 ரூபாய். அந்த வருடம் 2,500 ஆக்கினார்கள். இன்றைக்கும் அதே 2,500. உலகச் சந்தைக்கு ஷூ அனுப்புகிற ஒரு ஊரின் நகராட்சி, கடை வாடகையையும் பஸ் ஸ்டாண்டு கட்டணத்தையும் எண்ணிக்கொண்டு, சென்னையிலிருந்து மானியம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வரியின் கட்டுமானமே அப்படி.

அந்தக் காலத்தில் இந்த ஓட்டையை வேறொன்று கொஞ்சம் அடைத்தது. வியாபாரிகளின் தருமம். வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியா கல்லூரியைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல, வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம். மேல்விஷாரத்து சி. அப்துல் ஹக்கீமின் பெயர் இன்றும் அந்த ஊரில் கல்லூரியாக நிற்கிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சத்திரம் எல்லாம் தோல் பணத்தில் வந்தன. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அப்படியொரு கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் தருமத்தில் கொடுப்பவர் எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறார். கல்லூரிக்குக் கொடுத்தார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு யாரும் நன்கொடை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாக்கடையில் பெயர் பொறிக்க முடியாதல்லவா.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை நடத்தியவர் எம்.சி. மேத்தா. கங்கைக் கரையிலும் கான்பூர் டேனரிகளுக்கு எதிராக வழக்கு நடத்தியவர். இந்த 1991-க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. தமிழ்நாட்டில் 1986-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 1991-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம் எல்லா நகராட்சிகளிலும் பஞ்சாயத்துகளிலும் தனி அதிகாரிகள் ஆட்சி. அந்த இடைவெளியில்தான் 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள் வந்தன, உள்ளாட்சியை மூன்றாவது அரசாங்கம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். வழக்கு பதிவானதிலிருந்து தீர்ப்பு வரை, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஊர் ஆற்றின் விவகாரம் டெல்லியில் பேசப்பட்டது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். தீர்ப்பில் வருகிற எண்கள் இன்றும் படிக்கும்போது கனக்கின்றன. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். குரோமிய முறையில் 170 வகை வேதிப்பொருட்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்ன கணக்கு: தோல் பதனிடும் வட்டாரத்தில் பாதியோ முழுதோ பாழான விளைநிலம் சுமார் 35,000 ஹெக்டேர். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் மானியம் தருவதாகச் சொல்லிப் பல வருடங்கள் ஆகியும் பெரும்பாலான டேனரிகள் அசையவில்லை என்பதைத் தீர்ப்பு குறித்துக்கொள்கிறது. இதை ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும். செலவில் பாதி பொதுப்பணம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1972-லேயே பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு சொல்லிவிட்டது, 1992-ல் ரியோ மாநாடும் சொல்லிவிட்டது. நம் நடைமுறையில் அது பாதிப் பாதியாகத்தான் தொடங்கியது.

உத்தரவுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஐந்து மாவட்டங்களில் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், கலெக்டர் ஆபீஸில் கட்ட வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து, பாதிக்கப்பட்டவர் யார், எவ்வளவு இழப்பு, யார் கொடுக்க வேண்டும் என்று நிர்ணயிக்க வேண்டும். கொடுக்காதவர்களிடமிருந்து கலெக்டர் அதை வசூலிக்கலாம், தேவைப்பட்டால் நிலவரி பாக்கியைப் போல.

நிலவரி பாக்கியைப் போல. சட்ட மொழியில் இது வழக்கமான சொற்றொடர்தான், எந்த அரசுப் பாக்கியையும் வசூலிக்கப் பயன்படுவது. ஆனால் பெரியப்பாவுக்கு இதைப் படித்துச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிஸ்தி பாக்கிக்கு ஜப்தி பண்ணுவாங்களே, அந்த மாரியா?" என்றார். ஆமாம் என்றேன். "யாரு வூட்லயாவது பண்ணாங்களா?"

ஆணையம் அமைந்தது. 2001 மார்ச் 7 அன்று தன் முடிவைச் சொன்னது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். நிலம் 15,164.96 ஹெக்டேர். பொறுப்பான டேனரிகள் 547. இழப்பீடு 26 கோடியே 82 லட்சம் ரூபாய், 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு.

கோடி என்றால் நமக்குப் பெரிதாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக 9,187 ரூபாய். ஏழு வருடம் நான்கு மாதத்துக்கு. மாதத்துக்கு நூற்றுச் சொச்சம். ஒரு விவசாயியின் ஏழு வருடத்து நிலமும் கிணறும், நீதிமன்றம் ஒரு டேனரிக்குப் போட்ட ஒருமுறை அபராதத்தைவிடக் குறைவு. அந்தப் பக்கத்திலிருந்து வகுத்தால் ஒரு டேனரிக்குச் சராசரி 4 லட்சத்து 90 ஆயிரம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு நான் யோசித்திருக்கிறேன். இதற்காகவா இத்தனை வருட வழக்கு என்று இரண்டு தரப்புமே கேட்க முடியும். ஆனால் முதலாளிக்கு வக்கீல் இருந்தார். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம், பிறகு மறுபடி உச்ச நீதிமன்றம் என்று அது நடந்தது.

இதற்கிடையே ஊரில் மாற்றங்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லா இடங்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பாக எடுத்து வைக்கிறார்கள். உப்பை எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அது மூட்டையில் இருக்கிறது. சில கழிவுகள் மூட்டையில் அடங்குவதில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. அதே ராணிப்பேட்டை சிட்கோவில் 2015 ஜனவரி 31 அதிகாலை, சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எந்த வார்டிலும் ஓட்டு இல்லாதவர்கள்.

குடிநீருக்கு வருவோம். பாலாற்றில் ஊற்றுக்கால் வெட்டித் தண்ணீர் எடுத்த ஊர்கள் இவை. மணலில் கையால் தோண்டினால் இளநீர் மாதிரி வரும் என்று பாட்டி சொல்வாள். இன்று ஆம்பூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரி. மேட்டூர் அருகே எடுத்து, குழாயில் ஏற்றி இறக்கி, வேலூர் மாநகராட்சி, சுற்றியுள்ள நகராட்சிகள், நூற்றுக்கணக்கான கிராமங்கள் என்று கொண்டுவருகிறது வேலூர் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆயிரம் கோடிக்கு மேல் செலவு. நல்ல திட்டம், மறுக்கவில்லை. கேன் தண்ணீர் வாங்க முடியாத வீடுகளுக்கு அதுதான் உயிர். ஆனால் கணக்கு என்று வந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். நிலத்தடி நீரைக் கெடுத்ததற்கு ஆணையம் விதித்தது 26.82 கோடி. அந்த நீருக்கு மாற்று நீர் கொண்டுவர ஆனது ஆயிரம் கோடிக்கு மேல். பாலாறு வறண்டதற்கு மணல் கொள்ளை, மேலே கட்டிய தடுப்பணை, மழைக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு, முழுச் செலவையும் தோல் தலையில் கட்டுவது நியாயமில்லை. பாதி என்று வைத்தாலும், கால்வாசி என்று வைத்தாலும், அந்த வித்தியாசத்தைக் கட்டியது யார்? மாநிலம் முழுக்க வரி கட்டுகிறவர்கள். கன்னியாகுமரியில் சோப்பு வாங்குகிறவரும் சேர்த்துத்தான். அப்புறம் மாதாமாதம் குடிநீர்க் கட்டணம் கட்டுகிற ஆம்பூர்க்காரர், பராமரிப்புக்கும் மின்சாரத்துக்கும்.

இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் ஊர் மன்றம். மறுபடி பாருங்கள், 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. 2019 டிசம்பரில் கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தபோது எங்கள் மாவட்டம் அதில் இல்லை. அப்போதுதான் பிரித்திருந்தார்கள், வார்டு எல்லை வரையறுக்க வேண்டும் என்றார்கள். 2021 அக்டோபரில்தான் இங்கே பஞ்சாயத்துத் தேர்தல். நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து வருடத்துக்கு மேல் மறுபடியும் தனி அதிகாரி. மாவட்டம் பிரித்ததால் கலெக்டர் ஆபீஸ் பக்கமானது உண்மை. பெரியப்பா முன்பு வேலூருக்கு அலைந்தார், இப்போது திருப்பத்தூர். அதே பிரிவினையால்தான் ஊரில் ஒரு பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடுதலாக இரண்டு வருடம் காத்திருந்தோம்.

தேர்தல் முடிந்த அடுத்த மாதம், 2021 நவம்பரில், பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. நாங்கள் எல்லோரும் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோம். பெரியப்பா படம் எடுக்கவில்லை. "கழுவிகினு போவுதா பாரு" என்றார். நிலத்தைச் சொன்னார். அடுத்த ஆடியில் கொஞ்சம் கேழ்வரகு போட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் மட்டும் வந்தது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். ஆணையத்தின் முடிவுகள் செல்லும், இன்னும் கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு டேனரிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முன்னாள் நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. முதலில் அரசு கொடுக்கட்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான், இனிமேலும் விவசாயியைக் காக்க வைக்க முடியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது எந்தப் பக்கம் போய் உட்காரும் என்பது வசூலைப் பொறுத்தது. 547 டேனரிகளில் பல இன்று இல்லை. சில பெயர் மாறிவிட்டன, சில இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

ஏப்ரலில் நானும் பெரியப்பாவும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மஞ்சப்பையை அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, பட்டா உங்க அப்பா பேர்ல இருக்கு. அவர் பேருக்கு இருக்கான்னு பழைய லிஸ்ட்ல பாக்கணும். இருந்தாலும் வாரிசு சான்று வேணும்."

"கிஸ்தி நான்தான் சார் கட்றேன். தோ பாருங்க, எல்லாம் கீது."

"கிஸ்தி யார் வேணாலும் கட்டலாம் ஐயா."

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். தாத்தா 1983-ல் இறந்தவர். வாரிசுகளை எண்ணினோம். இறந்துபோன இரண்டு பேரின் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினொன்று. ஒருத்தி பெங்களூரில், ஒருவன் திருப்பூரில், சவுதியில் ஒருவன். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் செல்போனில் 9,187-ஐ 11-ஆல் வகுத்துக் காட்டினேன். 835 ரூபாய். சவுதிக்காரன் வந்துபோகிற டிக்கெட்டைச் சொல்லி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து இரண்டு இருபது ரூபாய்த் தாள்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். "1434 பசலிக்கு இன்னும் கட்டல. எனக்கு முட்டி வலிக்குது, நீ போய் வி.ஏ.ஓ.கிட்ட கட்டிட்டு வா. ரசீது கேட்டு வாங்கு. பேரு தாத்தா பேருல போடுவாரு, பரவால்ல. கீழ 'செலுத்தியவர்'னு ஒரு எடம் இருக்கும். அதுல எம் பேரு எழுதச் சொல்லு."